அடுத்த அப்டேட்டில் எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது?

ஏற்காட்டிலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது: "எங்கள் வீட்டில் ஆளுக்கொரு கைப்பேசி இருக்கிறது. ஆண்டுதோறும் புதிய ஆண்ட்ராய்டு வந்துவிட்டது, புதிய ஐஓஎஸ் வந்துவிட்டது என்கிறார்கள். ஐகான்களின் வடிவம் மாறுகிறதே தவிர, நாங்கள் எதிர்பார்ப்பது எதுவும் வருவதில்லை. சாதாரணப் பயனர்கள் உண்மையில் விரும்பும் வசதிகள் எவை? அவை ஏன் வருவதில்லை?" சேலத்தில் கைப்பேசிப் பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன் என்பதால், கடைக்கு வருகிறவர்கள் வாயால் கேட்ட குறைகளையே அடிப்படையாக வைத்துப் பதில் எழுதுகிறேன்.

எந்த வசதியைப் பற்றிப் பேசுவதற்கு முன்பும் அது யாருடைய கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஓர் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் நான்கு தரப்பினருக்குப் பங்கு உண்டு. இயங்குதளத்தை எழுதுவது கூகுள். அது ஓடும் சிப்பையும், அந்தச் சிப்பை இயக்கும் மென்பொருளான இயக்கிகளையும் தருவது குவால்காம், மீடியாடெக் போன்ற நிறுவனங்கள். இரண்டையும் சேர்த்துத் தன் தோற்றத்தைப் பூசி விற்பது கைப்பேசி நிறுவனம். அலைவரிசையைக் கொடுப்பது தொலைத்தொடர்பு நிறுவனம். ஐபோனில் முதல் மூன்றும் பெரும்பாலும் ஆப்பிளிடமே இருக்கின்றன. நம்மவர்கள் கேட்கும் வசதிகளில் பல ஏற்கெனவே ஆண்ட்ராய்டில் எழுதப்பட்டுவிட்டவை. இந்த நால்வரில் ஒருவருடைய வாசலில் அவை தேங்கி நிற்கின்றன. எனவே "ஆண்ட்ராய்டில் இது இல்லையே" என்று பொதுவாகக் குறைப்பட்டுக்கொள்வதில் பயன் குறைவு.

கடையில் அடிக்கடி கேட்கும் வேண்டுகோள் எந்தப் புதிய வசதியையும் பற்றியதன்று. "அப்டேட் போட்டால் போன் ஸ்லோ ஆகிவிடுமா? போடாமல் விட்டால் பணத்துக்கு ஆபத்தா?" என்ற இரட்டைக் கேள்விதான் அது. அதற்குள் இருக்கும் விருப்பம் முற்றிலும் நியாயமானது: பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் தவறாமல் கொடுங்கள், தோற்றத்தையும் பழகிய முறையையும் மாற்றுவதை எங்கள் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள். என் கணிப்பில், இயங்குதளங்களிடம் பயனர்கள் கேட்க வேண்டிய முதல் வசதி இதுவே. மற்றவை எல்லாம் இதற்குப் பிறகுதான்.

இது நடக்காத காரியமன்று. ஸ்டேஜ்ஃபிரைட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டதையடுத்து, 2015 ஆகஸ்டிலிருந்து கூகுள் மாதந்தோறும் பாதுகாப்பு அறிக்கை வெளியிட்டு, திருத்தங்களையும் தந்து வருகிறது. 2017-இல் ஆண்ட்ராய்டு 8 வந்தபோது, 'டிரெபிள்' என்ற திட்டத்தின்கீழ் சிப் சார்ந்த மென்பொருள் தனியாகவும் இயங்குதளம் தனியாகவும் பிரிக்கப்பட்டன. 2019-இல் ஆண்ட்ராய்டு 10-உடன் வந்த 'மெயின்லைன்' திட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்று, இயங்குதளத்தின் சில உள்ளுறுப்புகளைக் கைப்பேசி நிறுவனத்துக்காகக் காத்திராமல் பிளே ஸ்டோர் வழியாகவே புதுப்பிக்க வழிசெய்தது. அமைப்புகளுக்குள் 'கூகுள் பிளே சிஸ்டம் அப்டேட்' என்று ஒரு வரி தனியாக இருப்பதைப் பலரும் கவனித்திருக்க மாட்டார்கள். தோற்றத்தைத் தொடாமல் உள்ளே மட்டும் திருத்தும் அப்டேட் அதுதான். ஆனால் சிப்பின் இயக்கிகளிலும், கைப்பேசி நிறுவனம் தானாகச் சேர்த்த பகுதிகளிலும் உள்ள ஓட்டைகளை அது அடைக்காது.

ஆப்பிளும் ஒருமுறை இதை முயன்று பார்த்தது. 2021-இல் ஐஓஎஸ் 15 வெளியானபோது, விரும்புகிறவர்கள் 14-ஆம் பதிப்பிலேயே இருந்துகொண்டு பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் பெறலாம் என்று அறிவித்தது. சில மாதங்களிலேயே அந்த வழியை மூடிவிட்டது. ஒவ்வொரு திருத்தத்தையும் இரண்டு பதிப்புகளிலும் எழுதிச் சோதிப்பது இரட்டை வேலை என்பது உண்மை. ஆனாலும் ஒரு கைப்பேசியைப் பல ஆண்டுகளுக்கு ஆதரிப்பதாக விளம்பரம் செய்யும் நிறுவனங்களுக்கு, பழைய தோற்றத்தை ஓர் ஆண்டாவது விட்டுவைப்பது தாங்க முடியாத செலவாக எனக்குத் தோன்றவில்லை.

மெதுவாகிவிடும் என்ற அச்சத்துக்கு வருவோம். அப்டேட் முடிந்த ஓரிரு நாட்களுக்குக் கைப்பேசி சூடாவதும் தடுமாறுவதும் இயல்பு; புதிய இயங்குதளத்துக்கு ஏற்பச் செயலிகள் மறுபடி தொகுக்கப்படுகின்றன, படங்கள் மறுபடி அட்டவணைப்படுத்தப்படுகின்றன. அது தானாக அடங்கிவிடும். 3 ஜிபி, 4 ஜிபி நினைவகம் உள்ள கைப்பேசியில், கூடுதல் நினைவகத்தை எதிர்பார்த்து எழுதப்பட்ட புதிய பதிப்பு ஏறும்போது வரும் மந்தம் அப்படி அடங்காது. மூன்றாவது காரணம் மின்கலம். 2017-இல் ஆப்பிள் ஐஓஎஸ் 10.2.1 பதிப்பின் மூலம், மின்கலம் தேய்ந்த ஐபோன்கள் திடீரென அணைந்துபோவதைத் தவிர்க்க அவற்றின் வேகத்தைக் குறைத்தது. பயனர்களிடம் அதைத் தெளிவாகச் சொல்லவில்லை. அந்த ஆண்டின் டிசம்பரில் அதை ஒப்புக்கொண்ட பிறகு எழுந்த கண்டனத்தின் விளைவாகத்தான், 2018 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 11.3-இல் மின்கலத்தின் ஆரோக்கியத்தைக் காட்டும் பக்கமும், வேகக் குறைப்பை நிறுத்தும் தெரிவும் கிடைத்தன. பயனர்கள் சத்தம் போட்டுப் பெற்ற வசதி என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன்.

"பிடிக்கவில்லை என்றால் பழைய பதிப்புக்கே திரும்பிப் போக வேண்டும்" என்று கேட்கிறவர்களும் உண்டு. இந்த ஒன்றில் மட்டும் நான் நிறுவனங்களின் பக்கம். பழைய பதிப்பில் தெரிந்த ஓட்டைகள் இருக்கும். திருடியவன் கைப்பேசியைப் பழைய பதிப்புக்குக் கொண்டுபோய் அந்த ஓட்டை வழியாகவே உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் ஆண்ட்ராய்டில் பழைய பதிப்புக்குத் திரும்புவதற்குத் தடை இருக்கிறது, ஆப்பிளும் பழைய ஐஓஎஸ் பதிப்புகளை நிறுவத் தேவையான மின்னணு ஒப்பத்தைத் தருவதை நிறுத்திவிடுகிறது. திரும்பிப் போகும் வழியைக் கேட்பதைவிட, முகப்புத்திரையும் அமைப்புகளின் வரிசையும் பழையபடியே இருக்கும் ஒரு தெரிவைக் கேட்பது பொருத்தம். வயதானவர்களுக்குச் சிக்கல் அங்கேதான். அழைப்பை எடுக்கப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தவரிடம் ஒருநாள் காலையிலிருந்து இழுத்து எடுங்கள் என்றால் அவர் கைப்பேசி கெட்டுவிட்டது என்று தூக்கிக்கொண்டு கடைக்கு வருகிறார்.

எத்தனை ஆண்டுகளுக்கு அப்டேட் வரும் என்பது அடுத்த விருப்பம். கூகுள் 2023 அக்டோபரில் பிக்சல் 8-க்கும், சாம்சங் 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24-க்கும் 7 ஆண்டுகள் என்று அறிவித்தன. இவை விலை உயர்ந்தவை. சாம்சங்கின் ஏ16 போன்ற நடுத்தர விலைக் கைப்பேசிக்கும் 6 ஆண்டுகள் என்ற அறிவிப்பு வந்ததைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன், ஏனென்றால் சேலம் ஐந்து ரோட்டுக் கடைகளில் மக்கள் வாங்குவது அந்த விலையிலும் அதற்குக் கீழும்தான். பத்தாயிரம் ரூபாய்க் கைப்பேசி இரண்டு ஆண்டுகளில் கைவிடப்படுவதற்குக் கைப்பேசி நிறுவனம் மட்டும் காரணமன்று. சிப் நிறுவனம் இயக்கிகளைப் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டால், விற்றவர் விரும்பினாலும் மேலே போக முடியாது. 2025 பிப்ரவரியில் கூகுளும் குவால்காமும் சேர்ந்து, ஸ்னாப்டிராகன் 8 எலைட் சிப்பிலிருந்து தொடங்கி, 8 ஆண்டுகள் வரை ஆதரவுக்கு வழிசெய்வதாக அறிவித்தன. அதுவும் மேல்தட்டுச் சிப்புதான். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 5 ஆண்டுகளுக்கு இயங்குதள அப்டேட்டுகள் கிடைக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. விலை எதுவானாலும் பொருந்தும் இத்தகைய விதியை நாம் அரசிடம்தான் கேட்க வேண்டும், கூகுளிடம் அன்று.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்து வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்காரர்களிடம் கேட்டால் வேறொரு குறையைச் சொல்வார்கள். ஆர்டர் காலையில் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். கைப்பேசி அதை மதியம் செயலியைத் திறந்த பிறகுதான் அறிவிக்கும். இளம்பிள்ளையில் சேலை வியாபாரம் செய்கிறவர்களுக்கும் இதே கதைதான். மின்சாரத்தைச் சேமிக்க ஆண்ட்ராய்டு 6-இல் 2015-இல் 'டோஸ்' என்ற உறக்க நிலையைக் கூகுள் கொண்டுவந்தது. 8-ஆம் பதிப்பில் பின்னணியில் ஓடும் செயலிகளுக்கு மேலும் கட்டுப்பாடு விதித்தது. இவற்றில் அவசரச் செய்திகளுக்கு விலக்கு உண்டு. கைப்பேசி நிறுவனங்கள் இதன்மேல் தங்கள் சொந்தக் கட்டுப்பாட்டையும் ஏற்றிவைக்கின்றன: திரை அணைந்த சிறிது நேரத்தில் செயலியையே முழுமையாக நிறுத்திவிடுகின்றன. விளம்பரத்தில் 'இரண்டு நாள் பேட்டரி' என்று போடுவதற்கு இது உதவுகிறது. செய்தி பிந்துவது விளம்பரத்தில் தெரியாதல்லவா?

பயனர்கள் கேட்க வேண்டியது மிகவும் எளியது. ஒரு செயலியை 'இதை ஒருபோதும் நிறுத்தாதே' என்று குறித்துவிட்டால் அது அப்டேட்டுக்குப் பிறகும் அப்படியே இருக்க வேண்டும். எந்தச் செயலி எப்போது, எந்தக் காரணத்தால் நிறுத்தப்பட்டது என்ற குறிப்பு ஒரே பக்கத்தில் தெரிய வேண்டும். இப்போது இந்த அனுமதி ஒவ்வொரு நிறுவனத்திலும் வெவ்வேறு பெயரில், வெவ்வேறு ஆழத்தில் புதைந்திருக்கிறது. 'ஆட்டோஸ்டார்ட்' ஓர் இடத்தில், 'பேட்டரி கட்டுப்பாடு இல்லை' வேறோர் இடத்தில். அப்டேட் வந்ததும் சில கைப்பேசிகளில் இரண்டும் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகின்றன. இதைச் சீராக்கும் அதிகாரம் கூகுளிடம் இருக்கிறது. பிளே ஸ்டோர் வேண்டும் என்கிற நிறுவனங்கள் எல்லாம் கூகுளின் பொருந்துதல் சோதனைகளில் தேறியாக வேண்டும். அந்தச் சோதனையில் இதையும் ஒரு கறாரான விதியாகச் சேர்த்தால் போதும்.

மலைமேல் இருக்கும் உங்களுக்கு இதைவிடப் பெரிய தொல்லை சிக்னல். ஏற்காடு டவுனில் பிரச்சினை இல்லாவிட்டாலும், நாகலூர், செம்மநத்தம் என்று உள்ளே போகப் போக, சில்வர் ஓக் மரங்களுக்கும் சரிவுகளுக்கும் நடுவில் சிக்னல் கோடுகள் குறைந்துகொண்டே வரும். காலையில் முழுமையாக ஏற்றிய மின்கலம் மாலைக்குள் காலியாகிவிடும். கைப்பேசி எவ்வளவு சக்தியில் ஒலிபரப்ப வேண்டும் என்பதைக் கைப்பேசிக் கோபுரம்தான் கட்டளையிடுகிறது. கோபுரம் பக்கத்தில் இருந்தால் மிகச் சிறிய சக்தி போதும். எட்டத்தில் இருந்தால் 4ஜி கைப்பேசி தன் உச்சமான 200 மில்லிவாட் வரை ஏறுகிறது. இதற்கிடையில் 5ஜி கிடைக்குமா என்று இடைவிடாமல் தேடுவது வேறு. 5ஜிக்குப் பெரிதும் பயன்படும் 3,300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை, 850, 900 போன்ற தாழ்ந்த அலைவரிசைகளைப்போல மரங்களையும் மேடுகளையும் தாண்டி எட்டாது என்பதால், மலையில் அந்தத் தேடல் பெரும்பாலும் வீண்.

ஆகவே உங்களுக்கு வேண்டிய வசதி இதுதான்: இந்த இடத்தில் 5ஜி கிடைப்பதில்லை என்பதைக் கைப்பேசி நினைவில் வைத்துக்கொண்டு, அந்த எல்லைக்குள் நுழைந்ததும் தானாகவே 4ஜியில் நிலைத்திருக்க வேண்டும், மலையடிவாரத்துக் கோரிமேட்டுக்கு இறங்கியதும் பழையபடி மாறிக்கொள்ள வேண்டும். தேவையைப் பார்த்து 4ஜிக்கும் 5ஜிக்கும் மாறும் ஏற்பாடு சில கைப்பேசிகளில் இருந்தாலும், இடத்தை நினைவில் வைக்கும் தெரிவை நேரடியாகப் பயனர் கையில் கொடுத்தவர்கள் இல்லை என்றே சொல்லலாம். அது வரும்வரை சிம் அமைப்புகளில் விருப்ப நெட்வொர்க்கை 4ஜி என்று கையால் மாற்றிவைப்பது நல்ல பலன் தரும். வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் வைஃபை காலிங்கை இயக்கிவிடுங்கள். அறைக்குள் சிக்னல் இல்லாவிட்டாலும் அழைப்பு வரும்.

மலைக்குத் தனியாகத் தேவைப்படும் இன்னொன்று அபாய அறிவிப்பு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது நினைவிருக்கும். குறிப்பிட்ட கோபுரங்களின் எல்லைக்குள் இருக்கும் எல்லாக் கைப்பேசிகளுக்கும், எண் தெரிய வேண்டிய அவசியமே இல்லாமல், ஒரே நேரத்தில் உரத்த ஒலியுடன் செய்தி அனுப்பும் செல் பிராட்காஸ்ட் முறையைத் தொலைத்தொடர்புத் துறையும் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் 2023-இல் மாநிலம் மாநிலமாகச் சோதித்தன. தமிழ்நாட்டில் அலறிய கைப்பேசிகளைப் பார்த்துப் பயந்தவர்கள் பலர். வழிமுறை இருக்கிறது. இயங்குதளத்தில் இன்னும் மேம்பட வேண்டியவை: செய்தியைத் தமிழில் தானாகவே உரக்கப் படித்துச் சொல்வது, பதற்றத்தில் 'சரி' என்று தட்டிவிட்ட பிறகு அதே செய்தியைத் திரும்பப் பார்க்கும் எளிய வழி. ஆண்ட்ராய்டில் பழைய அவசர அறிவிப்புகளின் பட்டியல் உண்டுதான். அமைப்புகளுக்குள் அதைத் தேடிப் பிடிப்பதற்குள் மழை விட்டுவிடும்.

தமிழ் தொடர்பான விருப்பங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 'தமிழ் இருக்கிறதா' என்ற காலம் கடந்துவிட்டது. இந்தியாவில் விற்கும் கைப்பேசிகள் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளையும் காட்ட வேண்டும், ஆங்கிலம், இந்தி ஆகியவற்றுடன் இன்னும் ஓர் இந்திய மொழியிலாவது தட்டச்சு செய்ய வசதி தர வேண்டும் என்று ஐ.எஸ். 16333 என்ற இந்தியத் தரநிலையின் மூன்றாம் பகுதி சொல்கிறது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 விசைப்பலகை ஐபோனிலேயே இருக்கிறது. கூகுளின் குரல்வழித் தட்டச்சு 2017-இல் தமிழுக்கு வந்துவிட்டது. 2022-இல் ஆண்ட்ராய்டு 13 ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி மொழியைத் தேர்ந்தெடுக்கும் வசதியைத் தந்தது; வங்கிச் செயலி ஆங்கிலத்தில், மற்றவை தமிழில் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த வசதிக்குச் செயலி எழுதுகிறவரும் ஒத்துழைக்க வேண்டும் என்பதால் அது பாதி வழியில் நிற்கிறது.

குறை இருப்பது அன்றாடப் புழக்கத்தில். தொடர்புப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பட்டியலில் பாதிப் பெயர்கள் தமிழிலும் பாதி ஆங்கில எழுத்திலும் இருக்கும். மகன் சேமித்துக் கொடுத்தது ஆங்கிலத்தில், தானே சேமித்தது தமிழில். முருகன் என்று தமிழில் தேடினால் பல கைப்பேசிகளில் ஆங்கில எழுத்தில் உள்ள முருகன் கிடைக்கமாட்டார். குரலால் கூப்பிடச் சொன்னாலும் சில சமயம் இதே கதிதான். எழுத்துவடிவம் எதுவானாலும் ஒலியை வைத்துத் தேடித் தருவது இன்றைய தொழில்நுட்பத்துக்கு ஒரு பெரிய காரியமே அன்று. இதைவிட நுட்பமான தொல்லை ஒன்றும் உண்டு. எழுத்துகளுக்கான உலகப் பொதுக் குறியீடான ஒருங்குறியில் (யூனிகோட்) 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் கொம்பும் துணைக்காலும் எனப் பிரித்தும் எழுதலாம். இரண்டும் சமம் என்று ஒருங்குறித் தரமே சொல்கிறது. தேடும் செயலி அந்தச் சமப்படுத்தலைச் செய்யாவிட்டால், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் கொண்டலாம்பட்டி இரண்டு வெவ்வேறு ஊர்களாகிவிடுகிறது. துணைக்காலுக்குப் பதில் 'ர' போட்டு எழுதும் பழக்கத்தையும் சேர்த்துக்கொண்டால் தேடலின் நிலை இன்னும் பரிதாபம்.

பெயரின் முன்னெழுத்து (இனிஷியல்) இன்னொரு சிக்கல். கைப்பேசி கேட்பது முதற்பெயரும் குடும்பப் பெயரும். நமக்கு இருப்பது தந்தை பெயரின் முன்னெழுத்தும் சொந்தப் பெயரும். 'கே. செல்வி' என்று சேமித்தால் சில செயலிகள் 'வணக்கம் கே.' என்று வரவேற்கின்றன. அகரவரிசையில் செல்வி ககர வரிசைக்குப் போய்விடுகிறார். முன்னெழுத்தை முன்னெழுத்தாகவே புரிந்துகொண்டு, பெயரை வைத்து வரிசைப்படுத்தும் தெரிவு இயங்குதளத்திலேயே வர வேண்டும். இதில் கூகுளும் ஆப்பிளும் நேரடிப் பொறுப்பாளிகள், வேறு யாரையும் கைகாட்ட முடியாது. தமிழ்ச் சொற்களின் நீளத்துக்கு இடம் போதாமல் பொத்தான்களில் எழுத்துகள் பாதியில் அறுந்துபோவதும் அவர்களுடைய கணக்கில்தான் சேரும். எழுத்தைப் பெரிதாக்கிவைத்திருக்கும் முதியவருக்கு 'அனுமதி', 'அனுமதிக்காதே' இரண்டும் 'அனும...' என்று ஒரே மாதிரி தெரிந்தால், அவர் எதைத் தட்டுவார்?

அந்தக் கேள்வி நேரே மோசடிக்குக் கொண்டுபோகிறது. கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வரும் கோப்பு உண்மையில் ஏபிகே, அதாவது பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து நிறுவப்படும் செயலி. போக்குவரத்து அபராதச் செலான் என்று வருவதும் அப்படியே. நிறுவியதும் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும், பிறகு ஓடிபி எங்கோ போய்ச் சேரும். ஆண்ட்ராய்டு 13-இலிருந்து, வெளியிலிருந்து நிறுவிய செயலிகளுக்கு, திரையைப் படிக்கவும் நம் சார்பில் தட்டவும் இடம்தரும் அணுகல்தன்மை அனுமதியை எளிதில் கொடுத்துவிட முடியாதபடி தடை இருக்கிறது. 2025-இல் வந்த ஆண்ட்ராய்டு 16-இல், தொடர்புப் பட்டியலில் இல்லாத ஒருவருடன் பேசிக்கொண்டிருக்கும்போதே இப்படிப்பட்ட அனுமதிகளைக் கொடுப்பதையும் முதன்முறையாக வெளிச்செயலியை நிறுவுவதையும் தடுக்கும் பாதுகாப்பு சேர்க்கப்பட்டது. பேசிப் பேசியே செய்யவைக்கும் மோசடியின் நாடியைப் பிடித்த வசதி இது. கடந்த சில ஆண்டுகளில் வந்தவற்றில் நான் மனமாரப் பாராட்டும் ஒன்று. வருத்தம் என்னவென்றால், இது அதிகம் தேவைப்படுகிறவர்கள் ஆண்ட்ராய்டு 11, 12-இல் நின்றுபோன கைப்பேசிகளை வைத்திருக்கிறார்கள்.

இன்னும் கேட்க வேண்டியது 'வீட்டார் ஒப்புதல்'. அம்மாவின் கைப்பேசியில் புதிய செயலி ஏதாவது நிறுவப்பட வேண்டுமானால் மகளுக்கு ஒரு கேள்வி வந்து அவர் ஒப்புக்கொண்ட பிறகே நடக்க வேண்டும். பிள்ளைகளின் கைப்பேசிக்கு இந்த ஏற்பாடு நெடுநாளாக இருக்கிறது. பெரியவர்களுக்கு, அவர்களுடைய மரியாதை குறையாதபடி, அவர்களே விரும்பி இயக்கிக்கொள்ளும் வடிவில் இது இல்லை. ஆப்பிள் 2023-இல் ஐஓஎஸ் 17-இல் தந்த எளிமையான 'அசிஸ்டிவ் ஆக்சஸ்' திரை பாதி தூரம் வருகிறது. ஆனால் ஐபோன் எத்தனை பாட்டிகளிடம் இருக்கிறது? ஏமாந்துவிட்டால் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும் என்பதை அறிந்தவர்கள் குறைவு. மோசடி நடந்திருக்கலாம் என்று கைப்பேசிக்கே சந்தேகம் எழும் இடத்தில் அந்த எண்ணைத் திரையில் காட்டினால்கூடப் போதும்.

அழைப்புப் பதிவைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். ஜவ்வரிசி, மாம்பழ வியாபாரத்தில் விலை பேசுவது வாய்ச்சொல்லில்தான் என்பதால் பதிவு வேண்டும் என்பது புரிகிறது. 2022 மே மாதத்தில் கூகுள், அணுகல்தன்மை வழியாக அழைப்பைப் பதிவுசெய்யும் செயலிகளைப் பிளே ஸ்டோரில் தடைசெய்தது. கூகுளின் சொந்த போன் செயலியில் பதிவு தொடங்கினால் அறிவிப்புக் குரல் ஒலிக்கும். ஐஓஎஸ் 18.1-இல் ஆப்பிளும் இரு தரப்புக்கும் கேட்கும் அறிவிப்புடன்தான் இதைத் தந்தது. நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடுவதால், எதிர்முனைக்குத் தெரியாத பதிவு இனி வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வர வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

சில சிறு விருப்பங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். மின்கலத்தை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி பல கைப்பேசிகளில் வந்துவிட்டது. கடையில் இரவெல்லாம் சார்ஜரில் கிடக்கும் கைப்பேசிகளுக்கு அது நல்லது. அணைப்பதற்கும் கடவுச்சொல் கேட்க வேண்டும் என்பது திருட்டைக் கண்டவர்களின் விருப்பம். சில நிறுவனங்கள் தருகின்றன, எல்லாரும் தர வேண்டும். வெள்ளி வேலை செய்கிறவர்களின் விரல்ரேகை மெருகேற்றும் வேலையில் தேய்ந்துவிடுகிறது, காப்பி பறிக்கிறவர்களின் கை மழையில் ஊறிவிடுகிறது. இரண்டு மூன்று முறை தவறியதும் விரலைத் திரும்பப் பதியச் சொல்லித் தானே வழிகாட்டும் கைப்பேசி வேண்டும். அமைப்புச் செயலிகளே விளம்பர அறிவிப்பு அனுப்புவதும், வாங்கும்போதே ஏற்றப்பட்டிருக்கும் விளையாட்டுகளை நீக்க முடியாமல் இருப்பதும் குறைந்த விலைக் கைப்பேசிகளின் சாபம். அவற்றால் வரும் பணம்தான் விலையைக் குறைக்கிறது என்று நிறுவனங்கள் சொல்வதில் உண்மை உண்டு. அப்படியானால் இருநூறு முந்நூறு ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு விளம்பரமில்லாத பதிப்பைக் கொடுங்கள் என்றுதான் நான் பதில் சொல்வேன்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி எழுதாமல் விட்டால் கேட்பீர்கள். இன்றைய அப்டேட் அறிவிப்புகளில் பாதிக்கு மேல் அதுவே நிறைந்திருக்கிறது. 2024-இல் அறிவிக்கப்பட்ட ஆப்பிள் இன்டெலிஜென்ஸ், ஐபோன் வரிசையில் 15 ப்ரோவுக்குக் கீழே கிடையாது. ஜெமினி நேனோ என்ற கூகுளின் நுண்ணறிவு மென்பொருளும் கைப்பேசிக்குள்ளேயே இயங்க உயர்ந்த சிப்பையும் நிறைய நினைவகத்தையும் கேட்கிறது. படத்திலிருந்து ஆளை அழிப்பதும் மின்னஞ்சலைச் சுருக்குவதும் என் கடைக்கு வருகிறவர்களின் விருப்பப் பட்டியலில் இல்லை. ஒன்று இருக்கிறது: மருத்துவமனை ரசீதையோ வங்கிக் கடிதத்தையோ படம் எடுத்தால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பேச்சுத் தமிழில் சொல்வது. இணையம் இருந்தால் இதை ஓரளவு இப்போதே செய்யலாம். இணையம் இல்லாமல், எளிய கைப்பேசியிலும் செய்ய முடிந்தால் அதுதான் மலைக்கிராமத்துக்கு வர வேண்டிய நுண்ணறிவு.

இவற்றை யாரிடம் கேட்பது? ஆண்ட்ராய்டுக்குக் கூகுளின் பொதுவான குறை பதிவுப் பட்டியல் இணையத்தில் திறந்தே இருக்கிறது. ஏற்கெனவே உள்ள வேண்டுகோளுக்கு ஆதரவு தெரிவிக்கலாம். ஆப்பிளுக்குக் கருத்து அனுப்பத் தனிப் பக்கம் உண்டு. கைப்பேசி நிறுவனங்களில் பலவும் அமைப்புகளுக்குள்ளேயோ வாடிக்கையாளர் செயலியிலோ கருத்துப் பெட்டி வைத்திருக்கின்றன. தமிழ்ப் பெயர் வரிசை, தேடல், அறுந்த பொத்தான்கள் ஆகியவற்றை ஸ்கிரீன்ஷாட்டுடன் கூகுள், ஆப்பிள் இருவருக்கும் எழுதுங்கள். பின்னணியில் செயலி நிற்பதையும் விளம்பரத்தையும் கைப்பேசி நிறுவனத்துக்கு எழுதுங்கள். கோபுரத்தின் எட்டாமையை எந்த அப்டேட்டும் தீர்க்காது என்பதால் அதைத் தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் மட்டுமே கேளுங்கள்.

உங்கள் வீட்டுக் கைப்பேசிகளைப் பொறுத்தவரை, ஒவ்வொன்றிலும் 'ஆண்ட்ராய்டு பாதுகாப்பு அப்டேட்' என்ற வரியில் உள்ள தேதியைப் பாருங்கள். ஓர் ஆண்டுக்கு மேல் பழையதாக இருந்தால், அந்தக் கைப்பேசியிலிருந்து யூபிஐ, வங்கிச் செயலி இரண்டையும் எடுத்துவிட்டு, பேசுவதற்கும் படம் பார்க்கவும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வாங்கும்போது கேமராவின் மெகாபிக்சலைக் கேட்பதற்கு முன், இந்த மாடலுக்கு எந்த ஆண்டு எந்த மாதம் வரை பாதுகாப்புத் திருத்தம் வரும் என்று கேளுங்கள். விற்பவருக்குத் தெரியாவிட்டால் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அந்த மாடலின் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.